அறுபது அடிச் சட்டம்

எந்த ஊர்ச் சங்கம் எண்டு கேளாதையுங்கோ. சண்டிலிப்பாய்க்கும் வட்டுக்கோட்டைக்கும் இடையிலை ஒரு ஊர், அது போதும். அறுபத்தேழாம் ஆண்டு அந்தக் கிராமச் சங்கத்துக்கு மெம்பராப் போனவன் மார்க்கண்டு. அவன்ரை சனத்திலை அவன்தான் முதல் ஆள். அந்தச் சனத்தை ஊரிலை ஒருதரும் கிணத்தடிக்கு விடமாட்டினம். சந்தியிலை சங்கம் கட்டின பொதுக் கிணறு இருந்தது, பேர்தான் பொது. இவங்கடை பெண்டுகள் குடத்தோடை தள்ளி நிக்கவேணும், மனம் வந்த ஆரும் அள்ளி ஊத்தவேணும். அந்த மானக்கேடு வேண்டாமெண்டு, ஆத்திக்குளத்துக் கரையிலை கட்டில்லாமல் வெட்டின ஒரு துரவிலைதான் முப்பது குடும்பமும் அள்ளிக் குடிச்சது.

அதுக்கும் வந்தது கேடு. புகையிலைத் தோட்டக்காரர் வருசா வருசம் வேலிக் கதியாலைப் பிடுங்கிக் குளத்துப் பக்கம் தள்ளி நட்டுக்கொண்டு வந்தாங்கள். அந்த வருச மாரிக்கு அவங்கள் அடிச்ச பூச்சிமருந்து வெள்ளத்தோடை துரவுக்குள்ளை இறங்கிப்போட்டுது. நாலு பிள்ளையள் வாந்தியெடுத்து ஆஸ்பத்திரியிலை கிடந்துதுகள். அதிலை ஒண்டு மார்க்கண்டுவின்ரை கடைசிப் பெட்டை. பிழைச்சது தெய்வச் செயல்.

அதோடை அவனுக்கு விசர் பிடிச்ச மாதிரி. மிசன் பள்ளிக்கூடத்திலை எட்டாம் வகுப்பு வரை படிச்ச படிப்பெல்லாத்தையும் ஒண்டாக்கி, ஒரு உபவிதி எழுதினான். குளத்தைச் சுத்தி அறுபது அடிக்குப் புல்லும் மரமும் மட்டும் நிக்கவேணும். தோட்டம் செய்யக்கூடாது எண்டு எழுதினால் மாட்டுப்பட்டி போடுவாங்கள். பட்டியைத் தடுத்தால் கொட்டில் போடுவாங்கள். உவங்களின்ரை குணம் தெரியாதே? ஒரு ஓட்டையும் விடப்படாதெண்டு கடைசி வரியை இறுக்கினான்: "இந்த அறுபது அடிக்குள் எக்காரணங்கொண்டும் எவரும் கால்வைக்கலாகாது."

சண்டை வருமெண்டு வரிஞ்சுகட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போனவன் திகைச்சுப்போனான். குளத்தடியிலை எட்டுப் பரப்புக் காணியிலை புகையிலை வைச்சிருந்த சேர்மன் சோமசேகரம், "நல்ல விசயம்" எண்டு சிரிச்சுக்கொண்டு முதலாவதாக் கையைத் தூக்கினார். எல்லாக் கையும் உயர்ந்தது. கிளாக்கர் லயனல் கூட்டக் குறிப்பிலை 'ஏகமனதாக' எண்டு எழுதி முடிச்ச பிறகுதான் மெம்பர் தம்பிஐயா செருமினார்.

"அப்ப அந்தத் துரவையும் தூர்க்கவேணும், என்ன? அது கரையிலையிருந்து இருபது அடிதானே."

மார்க்கண்டு தான் எழுதின கடைசி வரியைத் திரும்ப வாசிச்சான். அட மடையா! ஊரெல்லாத்தையும் தடுக்கப்போய்த் தன்ரை சனத்தின்ரை தண்ணியைத் தானே மறிச்சுப்போட்டான். சேர்மன்ரை சிரிப்பு இப்பதான் விளங்கினது. அவரின்ரை வேலியை அளக்க எந்தக் கொம்பன் போகப்போறான்? துரவைத் தூர்க்க மட்டும் நாளைக்கே ஆள் வரும்.

"பாவம், சனம் தவிக்கும்," எண்டார் சேர்மன். "ஒண்டு செய்வம். உந்தச் சட்டத்தைக் கிழிச்சுப்போடுவம். நீங்கள் பழையபடி அள்ளுங்கோ, நாங்கள் பழையபடி தோட்டம் செய்யிறம்."

பழையபடி! ஆஸ்பத்திரிப் பாயிலை சுருண்டு கிடந்த பெட்டையை நினைக்க அவனுக்கு நெஞ்சு கொதிச்சது. எழும்பி நிண்டான்.

"கிழிக்கவேண்டாம் ஐயா. துரவைத் தூருங்கோ."

தம்பிஐயா வாயைப் பிளந்தார்.

"நாங்களும் கால்வைக்கமாட்டம், நீங்களும் வைக்கப்படாது. துரவு போற அண்டைக்கு உங்கடை வேலியும் போகவேணும். தண்ணிக்கு நாங்கள் சங்கக் கிணத்துக்கு வாறம்."

"ஆர் வேண்டாமெண்டது? ஊத்த ஆள் நிக்கும்."

"ஊத்தவேண்டாம், நாங்களே அள்ளுவம். சங்கத்தின்ரை கிணறு. நானும் சங்கம்தான். லயனல், இதையும் எழுதும்."

லயனல் சேர்மனைப் பாத்தான். சேர்மன் எழுதாதை எண்டு சொன்னால் அதையும் எழுதவேணும், குறிப்புப் புத்தகம் அரசாங்க அதிபர் பாக்கக் கச்சேரிக்குப் போறது. லயனல் எழுதினான்.

வீட்டிலை பெண்சாதி அன்னப்பிள்ளை பொரிஞ்சு தள்ளினாள். "துரவைத் தூர்க்கச் சொல்லிப்போட்டு வந்தீங்களோ? நாளைக்கு அந்தக் கிணத்தடியிலை பேச்சு வாங்கப்போறது நானெல்லே!"

"பயமெண்டால் நான் போறன்."

"ஆருக்குப் பயம்? ஆம்பிளை போனால் அடிபிடி எண்டு பொலிசைக் கூப்பிடுவாங்கள். நான் போறன்."

விடிய அவள் போனாள். மார்க்கண்டு றோட்டுக்கு இந்தப் பக்கம் நிண்டான். "பொறடி, ஊத்திறம்" எண்டு ஆரோ கத்த, அவள் திரும்பியும் பாக்கேல்லை. தானே வாளியை இறக்கினாள், தானே இழுத்தாள், ஒரு கை அள்ளிக் குடிச்சாள்.

"தண்ணியெண்டால் இது தண்ணி!" எண்டாள், சந்தி முழுக்கக் கேக்க.

அண்டைக்கே மற்றப் பெண்டுகளும் வந்து அள்ளத் தொடங்கிச்சினம். மூண்டு நாளாத் துரவைத் தூர்க்க ஒருதரும் வரேல்லை. ஏன் வருகினம்? துரவு போனால் வேலியும் போகவேணுமே. துரவு கிடந்தால், இண்டைக்கோ நாளைக்கோ இந்தச் சனம் வாலைச் சுருட்டிக்கொண்டு அங்கை திரும்பும் எண்டு அவைக்கு நம்பிக்கை. நாலாம் நாள் மார்க்கண்டு மண்வெட்டியோடை போய்த் தானே தூர்த்தான். தகப்பன் வெட்டின துரவு அது. அழுதழுதுதான் தூர்த்தான். தூர்த்து முடிச்சு, நேரை சேர்மன் வீட்டுப் படலையிலை போய் நிண்டு, "ஐயா, இனி உங்கடை வேலி" எண்டான்.

அடுத்த நாள் விடிய, வேலி அப்பிடியே நிண்டது, சங்கக் கிணத்துக் கயிறுதான் அறுந்து கிடந்தது. வாளி தண்ணிக்குள்ளை. திரும்பிப் போக இனித் துரவு இல்லை எண்டு தெரிஞ்சுதான் வெட்டியிருந்தாங்கள், வளவுக்குள்ளை சொந்தக் கிணறு வைச்சிருந்த பாவியள்.

அன்னப்பிள்ளை வெறுங்குடத்தோடை வீட்டை வந்தாள். பசுவை அவிட்டுவிட்டு, மாட்டுக் கயித்திலை வீட்டு வாளியை முடிஞ்சு, திரும்ப நடந்தாள். பின்னாலை பதினொரு பெண்டுகள் போச்சினம். பதினொருத்தியின்ரை தோளிலையும் கயிறு.