மீசை இருந்த இடம்

மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சவப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்த கிழவி, சிலுவை போட்டுக்கொண்டு பின்வாங்கினாள். "மன்னிச்சுக்கம்மா, ஹால் மாறி வந்துட்டேன்."

"மாறலம்மா, இவர்தான்" என்று மிக்டாலியா சொல்வதற்குள் அவள் வாசலைத் தாண்டிவிட்டாள். அந்த இறுதிச்சடங்கு நிலையத்தில் காலையிலிருந்து இப்படித் திரும்பிப் போனவர்களில் அவள் நாலாவது ஆள். மிக்டாலியாவுக்குக் கோபம்கூட வரவில்லை.

அவளுடைய அப்பா எலாதியோவை மயாகுவெஸ் ஊரில் யாருக்குத் தெரியும்? கேப்டன் மோன்சோவைத்தான் தெரியும். முப்பத்தோரு வருஷம் பிஸ்கட் கம்பெனிக்காகச் சிவப்பு மீசை ஒட்டி, மாலுமித் தொப்பி போட்டு, டிவியிலும் ஊர்வலத்திலும் "கடிச்சுப் பாரு, சத்தத்தக் கேட்டுப் பாரு!" என்று கத்திய மனுஷன். துக்கத்துக்கு வருகிறவர்களுக்குச் சீஸோடு கொடுக்கக் கம்பெனி ஆறு டின் பிஸ்கட் அனுப்பியிருந்தது. ஆறிலும் கேப்டன் சிரித்துக்கொண்டிருந்தார். கூடவே ஒரு பையில் தொப்பியும் மீசையும் வந்திருந்தன.

அந்தப் பையை மடியில் வைத்திருந்த நெரேய்தா அத்தை பொறுமை இழந்தாள். "செத்தவன பைக்ல உக்கார வெச்சுக்கூட இந்த ஊர்ல வழியனுப்புறாங்க. நீ ஒரு மீசை ஒட்ட மாட்டேங்கிற. பிடிவாதத்துக்கும் ஒரு அளவு வேணாமாடி?"

"இன்னிக்கு ஒரு நாளாவது அவர் மூஞ்சியோட இருக்கட்டும் அத்தை."

"அந்த மூஞ்சிய யாருக்குடி தெரியும்?"

எனக்காவது தெரியுமா என்று மிக்டாலியா யோசித்தாள். வேலை முடிந்து வந்ததும் மீசையைப் பசையோடு பிய்த்துவிட்டு, உதட்டுக்கு மேல் வாஸலின் தடவிக்கொண்டு, பேசாமல் படுத்துவிடுவார். சிரிக்க வைக்கப் பார்த்தால், "சிரிச்சா எரியுதும்மா" என்பார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சிரித்துக் காட்டியவர் தனக்கு மட்டும் சிரிக்கவில்லையே என்று சின்ன வயதில் அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

பெட்டியருகே போய் நின்றாள். முகத்தில் ஏதோ குறைவது போலிருந்தது.

"உதட்டுக்கு மேல என்ன பண்ணீங்க?" என்று அப்பாவை அலங்கரித்த வில்ஃப்ரெதோவிடம் கேட்டாள்.

"தீக்காயம் மாதிரி ஒரு தழும்பு. பவுடர் போட்டு மறைச்சிட்டேன். சுத்தமா தெரியல, பாருங்க" என்றார் அவர், பெருமையாக.

மிக்டாலியா கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து மெல்லத் துடைத்தாள். பவுடர் கரைந்தது. தோல் உரிந்து உரிந்து சிவந்துபோன பட்டை, இரண்டு முனையும் மேலே வளைந்து, மீசையின் அதே அளவில் வெளியே வந்தது. அத்தை பையை நாற்காலிக்கு அடியில் தள்ளினாள்.

வாசல் மேஜையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு கிழவி திரும்பி வந்தாள். "அடுத்த ஹால்லயும் இல்லியேம்மா..." என்றபடி குனிந்தவள் அப்படியே நின்றாள். "அட, நம்ம கேப்டன்!" பிறகு தணிந்த குரலில் கேட்டாள். "இவர் நெஜப் பேரு என்னம்மா?"

"எலாதியோ."

கிழவி கையிலிருந்த பிஸ்கட்டைக் கடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

மிக்டாலியா கைப்பையைத் திறந்து வாஸலின் டப்பாவை எடுத்தாள். அந்தச் சிவப்பின் மேல், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, விரல் அழுந்தாமல் தடவினாள்.