கயிற்றுக்கு அந்தப் பக்கம்

என் வீட்டுக்காரரைப் பார்க்க வருகிறவர்கள் செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் வருவார்கள். மிருகக்காட்சிச் சாலையில் சிங்கத்துக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடைக்காது.

கடலோரத்தில் இருக்கும் இந்தப் பெரிய பழைய ஓட்டலுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் முதலாளி காலத்திலிருந்தே மாடி மூலையறையில் ஓர் ஓவியரோ எழுத்தாளரோ வாடகையில்லாமல் குடியிருப்பார். தாழ்வாரம் முழுக்க அப்படி இருந்துவிட்டுப் போனவர்களின் படங்கள்தான். பதிலுக்கு ஒன்று மட்டும் செய்ய வேண்டும். சாயங்காலம் விருந்தினர்கள் டீ குடிக்கும் நேரத்தில் கீழே கண்ணாடி வராந்தாவில் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். குறுக்கே சிவப்புக் கயிறு கட்டியிருக்கும். அதற்கு அந்தப் பக்கம் நின்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், படம் எடுக்கலாம். இப்போது அங்கே உட்கார்ந்திருப்பவர் இவர்.

வந்த புதிதில் நன்றாகத்தான் எழுதினார். போன மழைக்காலத்தில் மறதி வந்தது. முதலில் ஆட்களின் பெயர் போயிற்று, பிறகு பேச்சு, கடைசியில் எழுத்து. இப்போது பேனாவைக் கொடுத்தால் வரிவரியாகக் கோடு இழுப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் எழுதுவது போலவே இருக்கும். கை நின்றுவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான் லேசாகத் தொடுவேன், மறுபடி ஓடும். மேனேஜர் விசாரித்தால், "பெரிய நாவல் தம்பி, ரெண்டு பாகம் வரும்போல இருக்கு" என்பேன். கதை விடுவதில் நான் அவரையே மிஞ்சிவிட்டேன். வேறு என்ன செய்ய? இங்கே வரும்போதே வீட்டை விற்றாயிற்று. மகளோ மாமியார் வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறாள். உண்மை தெரிந்து வெளியே போகச் சொன்னால், இவரைக் கூட்டிக்கொண்டு நான் எங்கே போவேன்?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள் மறைக்க முடியும்? ஓட்டலின் ஆண்டு விழாவில் புது நாவலிலிருந்து ஒரு பக்கம் வாசிக்க வேண்டும் என்றார் மேனேஜர். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். முடியவில்லை. நேரே அவர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் அதிர்ந்துபோயிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

"தெரியும்மா. ரூம் கூட்டுறவங்க குப்பையில கெடந்த காகிதத்தக் கொண்டாந்து காட்டுனாங்க. எல்லாம் கோடு."

"அப்ப எங்கள அனுப்பிடுவீங்களா?"

"ஐயோ, யாரு சொன்னா? சார் இருக்கட்டும். வர்றவங்களுக்கு அவர ரொம்பப் பிடிச்சிருக்கு. அந்த ஒரு பக்கத்த ஆள் வெச்சு எழுதி வாங்கியாச்சு. அந்தக் கவலை உங்களுக்கு வேணாம்."

போன உயிர் திரும்பி வந்தது. கையெடுத்துக் கும்பிடப் போனேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணே ஒண்ணு. எடுக்குற படத்துல எல்லாம் நீங்களும் விழறீங்க. தனியா கடலப் பாத்துட்டு எழுதுற மனுஷன்னுதான் விளம்பரத்துல போட்டிருக்கோம். உங்களுக்குப் பின்பக்கம், துணி வெளுக்குற இடத்துக்கிட்ட ஒரு ரூம் தந்துடுறேன். குளிப்பாட்ட, சாப்பாடு ஊட்ட எல்லாம் நர்ஸ் வந்துடுவாங்க."

"நான் தொடலன்னா அவர் கை ஓடாது தம்பி."

"ஓடாட்டி என்னம்மா? யோசிக்கிறார்னு நெனச்சுக்குவாங்க."

நறுக்கென்று நாலு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் என் வீட்டுக்காரரின் மெத்தையும் மருந்தும் இந்த ஆள் கையில் இருக்கின்றன. சரி என்றேன். அந்தச் சரியை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

மறுநாள் சாயங்காலம், இருப்பதில் நல்லதாக உடுத்திக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நின்றேன். அவருக்குப் புதுச் சட்டை போட்டிருந்தார்கள். வகிடு எந்தப் பக்கம் என்று நர்சுக்குத் தெரியவில்லை, முகமே யாருடையதோ போல இருந்தது. பேனா கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது.

"யோசிக்கிறார் பாரு," என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

என்னால் தாங்க முடியவில்லை. கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே நுழைந்து மேசை எதிரே போய் நின்றேன். அவர் நிமிர்ந்தார். மாதக்கணக்கில் முழுசாக ஒரு வாக்கியம் பேசாத மனிதர், முன்பின் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பைச் சிரித்து, காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"யார் பேருக்குக் கையெழுத்துப் போடட்டும்மா?"

கூட்டம் சொக்கிப்போயிற்று. எனக்கோ அழக்கூடாது என்று நினைத்ததில் குரல் கோபமாக வந்துவிட்டது.

"உங்க பொண்டாட்டி பேருக்கே போடுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இது என்ன பேச்சு என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டார்.

"அவளுக்கு எதுக்கு? அவதான் இங்கயே இருக்காளே," என்று பக்கத்தில் இருந்த வெறும் இடத்தைக் காட்டினார்.

மேனேஜர் தூரத்திலிருந்து கையை ஆட்டி ஆட்டி என்னை வெளியே வரச் சொன்னார். நான் மேசையைச் சுற்றிப் போய், அவர் காட்டிய இடத்தில், வெறுந்தரையில் உட்கார்ந்தேன். அனுப்புவதானால் இருவரையும் சேர்த்தே அனுப்பட்டும்.