படுக்க முடியாத சோபா

அந்த சோபாவைப் பார்த்ததுமே மைதிலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று பேர் உட்காரலாம். நடுநடுவே ஒரு கைப்பிடி, அதில் டம்ளர் வைக்க ஒரு குழி வேறு. சாயலாம், கால் நீட்டலாம், டிவி பார்க்கலாம். படுக்க மட்டும் முடியாது. கடை முழுக்க அலசி உஷா இதைப் பிடித்திருக்கிறாள் என்றால் காரணம் இல்லாமலா?

"இதான் நம்ம ஹாலுக்கு எடுப்பா இருக்கும். என்ன அண்ணி?" என்றாள் உஷா.

"எடுப்பாத்தான் இருக்கு. நான் எங்க படுக்கறது?"

"அதெல்லாம் பார்த்துக்கலாம் அண்ணி."

பார்த்துக்கலாமாம். தம்பி பெண்டாட்டி எதையெல்லாம் செய்யப் போவதில்லையோ அதற்கெல்லாம் சொல்கிற வார்த்தை இது. மைதிலி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஃபோனில் கெஞ்சியவன் தம்பி சந்தானம்தான். "சந்தீப் ஸ்கூல்லேர்ந்து வந்தா வீட்ல ஆள் இல்லக்கா. நீ வந்து இருந்துடேன்." புருஷன் போய்ச் சேர்ந்து தனியாகக் கிடந்தவள், கும்பகோணத்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, தெலுங்கு பேசும் ஊரான மல்காஜ்கிரிக்கு வந்தாள். ஃபிளாட்டின் ஹாலில் இருந்த திவான்தான் அவளுக்குக் கட்டில், அதன் அடியில் அவள் பெட்டி. இந்த ஜூனில் தம்பி பிள்ளை சந்தீப் இன்டர், அதாவது பிளஸ் டூ, படிக்க ஹாஸ்டலுக்குப் போனான். அவன் அறையில் உஷா கம்ப்யூட்டரை வைத்து ஆபீஸாக்கிக்கொண்டாள். நேற்று பழைய சாமான் எடுப்பவனைக் கூப்பிட்டுத் திவானைக் காட்டினாள். திவான் போனால் அடுத்தது தான்தான் என்பது மைதிலிக்குத் தெரியாதா என்ன? போவதற்குத்தான் ஓரிடமும் இல்லை.

அப்படியிருக்க அவளையும் பாலாநகர் வரை காரில் ஏற்றிக்கொண்டு வந்தது எதற்கு? நாளைக்கு யாராவது கேட்டால், அண்ணியையும் கேட்டுத்தான் வாங்கினோம் என்று சொல்ல வேண்டாமா? உஷாவுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைப் பையன்களில் மூத்தவன், கழுத்தில் அளவு நாடாவோடு நின்றவன், மைதிலியின் முகத்தைப் பார்த்தான். பக்கத்தில் இருந்த வேறொரு சோபாவின் அடியைப் பிடித்து இழுத்தான். அது விரிந்து முழுக் கட்டிலாயிற்று.

மைதிலி ஓர் அடி முன்னால் வைத்தாள். அதற்குள் உஷா அவனிடம் திரும்பித் தெலுங்கில் ஆரம்பித்துவிட்டாள். லாலாகூடா ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவள், தெலுங்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. "அதி ஒத்து. படுகுனேவாள்ளு எவரூ லேரு. ஆமெ தசராக்கி ஊரெள்ளிப்போத்துந்தி."

அது வேண்டாமாம். படுக்கிறவர்கள் யாரும் இல்லையாம். இவள் தசராவுக்கு ஊருக்குப் போய்விடுவாளாம். இத்தனையும் மைதிலியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

பாவம், உஷாவுக்கு ஒன்று தெரியாது. சந்தீப்புக்குத் தமிழ் புரியும், ஆனால் வாயைத் திறந்தால் தெலுங்குதான் வரும். நாலு வருஷமாக அத்தை தமிழில் கேட்பாள், அவன் தெலுங்கில் பதில் சொல்வான். சாதம் போட்டதும் சண்டை போட்டதும் அப்படித்தான். மைதிலி தெலுங்கில் பேசிப் பார்த்தால் அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். அந்த வெட்கத்தில் அவள் வேறு யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. காது மட்டும் முழுக்கக் கற்றுக்கொண்டுவிட்டது.

கடைக்காரன், நிஜம்தானா என்பதுபோல் சந்தானத்தைப் பார்த்தான். "அவுனா சார்?"

சந்தானம் சோபாத் துணியைத் தடவிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தாமல், "ஹவ்" என்றான். இந்த ஊரில் 'ஆமாம்' என்பதற்கு அதுதான்.

உஷா சொன்னதை மைதிலி எதிர்பார்த்துத்தான் இருந்தாள். இவன் சொன்ன அந்த ஒற்றைச் சொல்லைத்தான் எதிர்பார்க்கவில்லை. இடுப்பில் தூக்கித் திரிந்த தம்பி. பெண்டாட்டி சொன்னதற்கு ஒரு 'இல்லை' சொல்ல இவன் நாக்குக்கு என்ன கேடு?

அவள் செருப்பைக் கழற்றினாள். விரித்திருந்த சோபாவில் ஏறி, கைப்பையைத் தலைக்கு வைத்து, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு நீட்டிப் படுத்துவிட்டாள். பக்கத்து வரிசையில் டைனிங் டேபிள் பார்த்துக்கொண்டிருந்த குடும்பம் அப்படியே நின்றது.

"அண்ணி, எந்திரிங்க. எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும்" என்ற மைதிலி, உஷாவைத் தாண்டிக் கடைக்காரனைப் பார்த்தாள். "பாபு, படுகுனேதி நேனே. தசராக்கி நேனு எக்கடிக்கீ போனு."

படுக்கப்போகிறவள் நான்தான், தசராவுக்கு நான் எங்கேயும் போகப்போவதில்லை. உச்சரிப்பில் கும்பகோணம்தான் மணத்தது. ஆனாலும் கடைக்காரனுக்குப் புரிந்துவிட்டது, அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு நைசாகக் குஷன் பக்கம் நகர்ந்துவிட்டான்.

உஷாவின் முகம் வெளுத்தது. "உங்களுக்குத் தெலுங்கு தெரியுமா?"

"உன் பிள்ளை கத்துக்கொடுத்தான். விட்டுப்போனதை நீ கத்துக்கொடுத்தே, ஹால்ல உட்கார்ந்து ஃபோன்ல பேசிப் பேசி."

நாலு வருஷமாகத் தோழிகளிடம் என்னென்ன சொன்னோம் என்று உஷா யோசிக்க ஆரம்பித்தது அவள் கண்ணிலேயே தெரிந்தது. நன்றாக யோசிக்கட்டும் என்று மைதிலி இன்னொரு தடவை காலை நீட்டிக்கொண்டாள்.

சந்தானம் மெல்லப் பக்கத்தில் வந்தான். பெண்டாட்டியையும் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அக்கா, இது உனக்கு வசதியா இருக்கா?"

மைதிலி படுத்தபடியே அவனை நேராகப் பார்த்தாள்.

"ஹவ்" என்றாள்.