மேலே கயிறு பிடித்தவர்

நெய்வேலியில் தண்ணீரை விரோதியாகப் பார்க்கிறவர்கள் யார் என்று தேடினால் மணிமாறனுக்கு முதலிடம் கொடுக்கலாம். சுரங்கத்தின் அடியில் ஊறிவரும் தண்ணீரை ராப்பகலாக வெளியே தள்ளுகிற பம்புகளைப் பார்த்துக்கொள்வது அவருடைய வேலை. பம்பு நின்றால் சுரங்கம் குளமாகிவிடும். இப்படித் தண்ணீரை விரட்டி விரட்டியே சம்பளம் வாங்குகிற மனுஷருக்கு வாய்த்த மனைவியோ, தண்ணீரைக் கண்டால் வீட்டு ஞாபகமே போய்விடுகிற புவனா.

டவுன்ஷிப் நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவள், மகள் திருச்சிக்குப் படிக்கப் போனதும், நாற்பத்தோரு வயதில் புதுச்சேரிக்குப் போய், காற்றுச் சிலிண்டரோடு தண்ணீருக்கடியில் முழுகுகிற ஸ்கூபா கற்றுக்கொண்டு வந்தாள்.

"மூட்டு வலின்னு தைலம் தேச்சிக்கினு கெடக்கிற வயசுல முதுவுல சிலிண்டரா?" என்று மணிமாறன் கேட்டார்.

"தண்ணிக்குள்ள மூட்டு வலிக்காதுங்க" என்றாள் புவனா.

இந்தக் கோடையில் ஊருக்குப் பெரிய மீன் கண்காட்சி வந்தது. மைதானத்தில் வீடு உயரத்துக்குத் தொட்டி கட்டி, அதன் நடுவே கண்ணாடிக் குகை வைத்திருந்தார்கள். ஜனங்கள் குகைக்குள் நடக்க, தலைக்கு மேலே மீன்கள் போகும். அந்தத் தொட்டிக்குள் முழுகி மீன்களுக்குத் தீனி கொடுக்கிற வேலைக்குப் புவனாவைப் பிடித்துக்கொண்டார்கள். அதன் வீடியோவை யாரோ எடுத்துப் போட, சென்னையில் இருக்கிற ஒரு பெரிய மீன்காட்சியகத்திலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. அங்கேயே தங்கி வேலை செய்ய வேண்டும். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அவள் கேட்டபோதெல்லாம் மணிமாறன் "பாக்கலாம்" என்று சொல்லி நழுவிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்ததும், அன்றைக்குத்தான் முதல்முறையாக, கண்காட்சிக்கு வந்தார். வேடிக்கை பார்க்க வரவில்லை. அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிற வழியில் "சென்னையெல்லாம் வேணாம்" என்று சொல்லிவிடுகிற முடிவோடு வந்திருந்தார். வாடகை, சாப்பாடு, சொந்தக்காரர்கள் என்று காரணங்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். உண்மையான காரணம் ஒன்றுதான். தண்ணீருக்குள் அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவருக்குப் பயம்.

குகைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தார். மேலே புவனா போய்க்கொண்டிருந்தாள். நீந்துகிறாள் என்றே சொல்ல முடியாது. கை அசையவில்லை, கால் லேசாக மடங்கி விரிந்தது, அவ்வளவுதான். மீன்கள் அவளை ஆளாகவே மதிக்காமல் அவள் வயிற்றுக்கடியில் புகுந்து போயின. கண்ணாடியில் கை வைத்த ஒரு குழந்தைக்காக அவள் கீழே இறங்கி, அந்தச் சின்னக் கைக்கு நேராகத் தன் கையை வைத்தாள். சமையலறையில் குழம்பைத் தாளித்துவிட்டு நெற்றி வியர்வையைத் துடைக்கிற அதே கை. இவளோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் இவளை முழுசாகப் பார்த்ததில்லையே என்று மணிமாறன் நினைத்துக்கொண்டார்.

அப்போதுதான் கண்காட்சி மேனேஜர் பிரவின்குமார் குகைக்குள் ஓடி வந்து, கண்ணாடியைத் தட்டிப் புவனாவை மேலே வரச் சொல்லிக் கை காட்டினான். தொட்டியில் அரபைமா என்று ஆள் நீளத்துக்கு ஒரு மீன் உண்டு. மீனாகப் பிறந்தும் அதற்குக் காற்று வேண்டும். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மேலே வந்து வாய் திறந்து மூச்சு வாங்காவிட்டால் செத்துப்போகும். அது வெகு நேரமாக மேலே வரவில்லை. பொம்மைப் பாறைக்குப் பின்னால், குழாய் வாயை மூடியிருந்த வலை கழன்று, அதில் சிக்கிக் கிடந்தது.

பாறைக்குப் பின்னால் இடுக்கு. வண்டல் கலங்கினால் கண் தெரியாது. இடுப்பில் கயிறு கட்டாமல் யாரும் அங்கே போகக் கூடாது என்பது விதி. கயிறு பிடிக்கிறவன் காய்ச்சல் என்று பண்ருட்டிக்குப் போயிருந்தான். மேலே வந்து வேறு சிலிண்டர் மாட்டிக்கொண்ட புவனா, பிரவின்குமாரின் பின்னாலேயே தொட்டி மேடைக்குப் படியேறி வந்த கணவரைப் பார்த்தாள்.

"இவரே பிடிக்கட்டும்" என்றாள்.

"எனக்கு நீச்சலே தெரியாது, புவனா."

"கயிறு பிடிக்க நீச்சல் எதுக்குங்க? நல்லா கேட்டுக்குங்க. ஒரு தடவை சுண்டினா, நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம். நீங்களும் சுண்டிக் கேக்கலாம். நான் விடாம இழுத்தா மட்டும் தூக்குங்க. அதுக்கு முன்னாடி இழுத்துடாதீங்க. இடுக்குல வாயில இருக்கிற டியூப் மாட்டிக்கிச்சுன்னா கஷ்டம்."

சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். பாறைப் பக்கம் தண்ணீர் காபி மாதிரி கலங்கியது. கயிறு மெதுவாக உள்ளே போய், பிறகு நின்றது.

திடீரென்று தொட்டிச் சுவரில் தொம்மென்று ஓர் அடி. மேடை அதிர்ந்தது. மீன் வாலால் அடிக்கிறது. அந்த அடி ஆள்மேல் விழுந்தால் விலா எலும்பு தாங்காது. கயிறு பக்கவாட்டில் வெட்டி இழுத்தது, பிறகு தொய்ந்தது. மணிமாறன் ஒருமுறை சுண்டினார். பதில் இல்லை.

"சார், தூக்கிடலாமா?" பிரவின்குமாரின் குரல் உடைந்திருந்தது.

தூக்கு தூக்கு என்று மணிமாறனின் தோளும் கையும் கதறின. பலம் இருக்கிறது. ஒரே இழுப்பில் அவளை வெளியே கொண்டுவந்துவிடலாம். வீட்டுக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். சென்னையும் வேண்டாம், மீனும் வேண்டாம்.

"இருங்க. அவ இன்னும் சொல்லல" என்றார். "உள்ள என்னா நடக்குதுன்னு அவளுக்குத்தான் தெரியும்."

மறுபடியும் சுண்டினார். காத்திருந்தார். அந்த நேரத்தில் அவர் கும்பிடாத சாமி இல்லை.

கயிறு ஒருமுறை சுண்டியது.

கண்ணீர் மளமளவென்று இறங்கியது. துடைக்கக் கை காலியில்லை. கயிறு இன்னும் கொஞ்சம் உள்ளே கேட்டது, கொடுத்தார். பிறகு கலங்கல் பிளந்து அந்தப் பெரிய மீன் மேலே எழும்பி, வாயைத் திறந்து மடக்கென்று காற்றைக் குடித்துவிட்டுப் போனது. கொஞ்சம் தள்ளி, கிழிந்த வலையோடு புவனாவின் கை தெரிந்தது. கீழே குகையில் நின்றவர்களுக்கு நடந்தது எதுவும் தெரியாது. மீன் திரும்பி வந்ததற்காகக் கை தட்டினார்கள்.

மேடை ஓரத்தில் புவனா தண்ணீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தாள். தோளில் ஒரு பக்கம் கன்றிப்போயிருந்தது. மணிமாறன் துண்டைப் போர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இழுத்துடலாம்னுதான் பாத்தேன்" என்றார்.

"தெரியும். உங்க கை நடுங்கினது கயித்துல கீழ வரைக்கும் வந்துச்சு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அதுதாங்க எனக்குத் தெம்பு" என்றாள் அவள். "இவ்வளவு பயந்துகிட்டும் இழுக்காம ஒருத்தர் மேல நிக்கிறாரு. அப்புறம் எனக்கென்ன?"

அடுக்கி வைத்திருந்த காரணங்களில் ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை. மணிமாறன் அவளுடைய பையிலிருந்து செல்போனை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"நாளைக்கு வரைக்கும் எதுக்கு? இப்பவே பேசிடு. வரேன்னு சொல்லு."

புவனா அவர் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்குத்தான் பயமாச்சே?"

"பயம் எங்க போவப் போவுது? அது எங்கூட குவார்ட்டர்ஸ்ல இருக்கட்டும்" என்றார் மணிமாறன். "நீ போயிட்டு வா."