கைகுலுக்கும் நேரம்

அந்த ஞாயிறும் ஆல்வின் எழுந்து நின்றார். மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல், முன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு, "நெஸ்டா ஒரு தடவை..." என்று ஆரம்பித்தார். நெஸ்டா அவர் மனைவி. போய்ச் சேர்ந்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. குவேக்கர் என்கிற கிறிஸ்தவப் பிரிவினரின் கூட்டத்தில் பாதிரியும் கிடையாது, பாட்டும் கிடையாது. எல்லோரும் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளுக்குள் ஏதாவது உந்தினால் மட்டும் எழுந்து நாலு வார்த்தை சொல்லலாம். மற்றவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை உந்தினாலே பெரிய விஷயம். ஆல்வினுக்கு வாராவாரம் உந்தியது. அன்றைய கதையில் நெஸ்டா தொலைந்துபோன நாயைத் தேடிப் பனியில் மலையேறிக்கொண்டிருந்தாள். பாதி வழியில் ஆல்வின் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மீதி அடுத்த வாரம் என்று உட்கார்ந்துவிட்டார். மூப்பரான ஹெஸ்டர் பக்கத்திலிருந்தவரின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். மூப்பர் கை குலுக்கினால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம்.

அப்புறம் தேநீர்க் கோப்பை கழுவுகிற இடத்தில் ஜெம்மா வந்து நின்றாள். வியாழக்கிழமைகளில் அதே அடுப்படியில் ஊரில் வசதியில்லாதவர்களுக்கு சூப்பும் ரொட்டியும் கொடுப்பார்கள். இரண்டு பிள்ளைகளோடு சூப்புக்கு வந்தவள்தான் ஜெம்மா. ஞாயிற்றுக்கிழமை இங்கே சத்தமே இருக்காது என்று யாரோ சொல்ல, அதற்காகவே வர ஆரம்பித்தாள். மற்றவர்கள் எல்லோரும் முழங்கால் தேய்ந்தவர்கள். இவளும் பிள்ளைகளும் உள்ளே வரும்போது ஹெஸ்டருக்கு மனசு நிறைந்துவிடும்.

"எனக்குன்னு இருக்கறதே இந்த ஒரு மணி நேரம்தான், ஹெஸ்டர். ராத்திரி பூரா நான் வேலை பாக்கற முதியோர் இல்லத்துல மணி அடிச்சுக்கிட்டே இருக்கும். வீட்டுக்குப் போனா இதுங்க ரெண்டும். நாய்க்கதை கேக்கவா பஸ் புடிச்சு வர்றேன்? அவர் மேல எனக்கு ஒண்ணும் கோபமில்ல. ஆனா அடுத்த வாரமும் ஆரம்பிச்சார்னா நாங்க எழுந்து போயிடுவோம்."

கூட்டத்தில் ஓயாமல் எழுந்து பேசுகிறவரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்வதும் மூப்பரின் வேலைதான். ஹெஸ்டர் அந்த வேலையைப் பல மாதமாகத் தட்டிக்கழித்து வந்தாள். செவ்வாய்க்கிழமை மதியம், இனியும் தள்ளிப்போட முடியாது என்று ஆல்வின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

ஆல்வின் தேநீர் போட்டார், ஓட்ஸ் பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார், எதிரே உட்கார்ந்தார். மேஜையில் நெஸ்டாவின் மூக்குக் கண்ணாடி இன்னும் அப்படியே இருந்தது. ஹெஸ்டர் சரியான வார்த்தைக்காகக் காத்திருந்தாள். வேறு வீடாக இருந்தால், என்ன விஷயம் என்று எதிராளி கேட்டிருப்பார். குவேக்கர் வீட்டில் ஒருவர் பேசாமல் உட்கார்ந்தால் மற்றவரும் கூட உட்கார்ந்துவிடுவார். ஆல்வின் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். தேநீர் ஆறிப்போனது. சொல்ல வந்தது தொண்டை வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனது. ரொம்ப நேரம் கழித்து ஆல்வின் கண்ணைத் திறந்து, மேஜைக்கு மேலே கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு ஹெஸ்டர். நெஸ்டா போனதுக்கப்புறம் இந்த வீட்டுல யாரும் என்கூட இவ்வளவு நேரம் உக்காந்ததில்ல."

வாராவாரம் அவளே குலுக்கிக் கூட்டத்தை முடிக்கிற கை. முடிந்தது என்றால் முடிந்ததுதான். வெளியே வந்து, தன்னையே திட்டிக்கொண்டு மழையில் நடந்தாள். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறாள், ஒருமுறைகூட எழுந்து பேசியதில்லை. அதை அடக்கம் என்று ஊர் சொன்னது, அவளும் அப்படியே நம்பியிருந்தாள். இப்போது பார்த்தால் வெறும் பயமாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜெம்மா கதவுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள். பிள்ளைகளின் கோட்டைக் கழற்றவில்லை. பாதி நேரம் போனதும், எதிர்பார்த்தபடியே, ஆல்வினின் பெஞ்சு முனகியது. அவர் எழுந்து நின்றார். ஜெம்மா சின்னவளின் பொத்தானைப் போட ஆரம்பித்தாள். ஹெஸ்டர் தன் கையை மடியில் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"செவ்வாய்க்கிழமை ஹெஸ்டர் என்கிட்ட ஒண்ணு சொல்ல வந்தாங்க," என்றார் ஆல்வின். "சொல்லல. ஆனா எனக்குக் கேட்டுச்சு. அன்னைக்கு ராத்திரிதான் கேட்டுச்சு."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த அமைதி எல்லோரும் பல மாதமாக ஆசைப்பட்ட அமைதி. மழை ஓட்டின் மேல் விழுவது கேட்டது. சின்னவள்கூட அசையவில்லை. ஜெம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் தோள்கள் மெல்ல இறங்கின. ஹெஸ்டர் மட்டும் கண்ணை மூடவில்லை. ஆல்வின் தலையைக் குனிந்து, அதட்டல் வாங்கியவரைப் போல முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அது தாங்கவில்லை.

பன்னிரண்டு மணி ஆனது. எல்லோரும் அவள் கையைப் பார்த்தார்கள். பக்கத்திலிருந்த கிழவர் தன் கையைத் தயாராகத் திருப்பிக்கூட வைத்துவிட்டார். ஹெஸ்டர் அதைத் தொடவில்லை. அவள் முழங்கால் தானாக நிமிர்ந்தது. நின்ற பிறகுதான் நின்றிருப்பதே அவளுக்குத் தெரிந்தது. கூட்டத்தில் யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை. அது அவளுக்குத் தெரியாததல்ல.

"ஆல்வின், அந்த நாய் கிடைச்சுதா?"

ஜெம்மா கண்ணைத் திறந்து, மகளின் கடைசிப் பொத்தானில் விரலை வைத்தபடி அப்படியே இருந்தாள். சின்னவள் பெஞ்சின் மேல் முட்டிபோட்டு ஏறி ஆல்வினைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முன் பெஞ்சின் முதுகைக் கையால் தேடிக்கொண்டிருந்தார்.