குளிர் அறையில் ஒரு கோணல் பல்

அறைக்குள் காலடி வைத்தவனைப் பார்த்து ஒரு தாடை சிரித்தது.

தாடை மட்டும்தான். முகம் இல்லை, கண் இல்லை. ஜன்னலை ஒட்டிய பலகையில், ஒரு சின்ன இரும்புச் சட்டத்துக்குள், ரோஸ் நிற ஈறோடு மேல்வரிசையும் கீழ்வரிசையும் பளிச்சென்று உட்கார்ந்திருந்தன. கையிலிருந்த பெட்டி நழுவி நேராக அவன் கால் கட்டைவிரலில் இறங்கியது.

"ஐயோ!"

"பயந்துட்டியா தம்பி?" பின்னால் வந்த பெண்மணியின் குரல் தெருமுனை வரை கேட்டிருக்கும். டவுன் பஸ் ஓட்டுபவர். எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. "எங்க வீட்டுக்காரர் பல் செட் செய்றவர். டாக்டருங்க அளவெடுத்து அனுப்புவாங்க, இவர் செஞ்சு கொடுப்பார். கடிக்காது, பயப்படாத."

"பயமெல்லாம் இல்ல ஆன்ட்டி..."

"ஆன்ட்டின்னு கூப்பிட்டா சாப்பாடு கிடையாது. அக்கா."

படிக்க வந்த நாட்டில் அவன் இறங்கி அரைநாள்கூட ஆகவில்லை. இந்த வீட்டைக் கல்லூரிதான் பார்த்துக் கொடுத்திருந்தது. வீட்டில் தமிழ் பேசுவார்கள் என்ற ஒரே காரணத்துக்காக அவன் சரி என்றிருந்தான். முதல் வாரம் வெள்ளோட்டம். சனிக்கிழமை இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேச வேண்டும். ஒத்துவந்தால் படிப்பு முடியும்வரை இங்கேயே. ஒத்துவராவிட்டால் ஊருக்கு வெளியே ஒரு விடுதி. மூன்று பஸ் மாற வேண்டும். அங்கே பக்கத்து அறைக்காரன் முகம்கூடத் தெரியாது என்று கேள்வி.

ஆனால் முதல் நாள் முடிவதற்குள் அவனுக்கு அந்த விடுதியே தேவலை என்று தோன்றிவிட்டது. காரணம், குளிர்.

வெளியே குளிர் என்றால் ஒத்துக்கொள்ளலாம். வீட்டுக்குள்ளும் அதே குளிர். ஒவ்வொரு அறையிலும் ஹீட்டர் இருந்தது. ஒவ்வொன்றின் திருகும் பூஜ்யத்தில் நின்றது. வீட்டுக்காரர், அக்கா, அவர்களின் பத்து வயது வாலு எல்லோரும் ஸ்வெட்டரோடு சாப்பிட்டார்கள், ஸ்வெட்டரோடு டி.வி. பார்த்தார்கள். இவ்வளவு கஞ்சத்தனமா! புதுசாக வந்தவன் வாய் விட்டுக் கேட்கவா முடியும்? அவன் கம்பளியைச் சுற்றிக்கொண்டே நடமாடினான். வாலு பார்த்தாள்.

"அம்மா, கம்பளி மாமா வந்துட்டார்!"

"மாமாவா?"

"உனக்குத் தம்பின்னா எனக்கு மாமாதானே? கணக்கு தெரியாதா?"

அன்றைக்கே பெயர் நிலைத்துவிட்டது.

அவன் அறைக்குப் போய், பலகையில் இருந்த பல் செட்டை முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று படம் பிடித்தான். அதன் பக்கத்தில் தன் முகத்தை வைத்து, அதே மாதிரி ஈயென்று இளித்து இன்னொன்று. ஊரில் இருக்கும் தங்கைக்கு மூன்றையும் அனுப்பி, அடியில் தட்டினான்: 'ஐஸ் பெட்டியில குடி வச்சிருக்காங்க. இந்த வீட்டுல மனுஷனைவிடப் பல்லுக்குத்தான் மரியாதை. சனிக்கிழமை எஸ்கேப்.'

அப்புறம்தான் வம்பு ஆரம்பித்தது. அந்த வீடு அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கவிழ்க்கத் தொடங்கியது.

படுக்கைக்குள் யாரோ வெந்நீர்ப் பை வைத்திருந்தார்கள். காலையில் அக்கா அவன் சட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய், சுருக்கமே இல்லாத சட்டைக்கு இஸ்திரி போட்டார். "மடிப்புக்கு இல்லடா, சூட்டுக்கு. ம், ஓடு, ஆறிடப் போகுது!" அந்தச் சட்டைக்குள் நுழைந்தபோது அடுப்படியில் அம்மா பக்கத்தில் நிற்பதுபோல இருந்தது. வாலு தன் கையுறையில் ஒன்றைக் கொடுத்தாள். இன்னொன்று அவளுக்கு வேண்டுமாம். ஆளுக்கு ஒரு கை பாக்கெட்டில். கல்லூரிக்கு வழி தெரியாமல் முழித்தவனை அக்கா தன் பஸ்ஸிலேயே முன் ஸீட்டில் உட்கார வைத்து, ஏறுகிறவர்களிடமெல்லாம் "என் தம்பி, படிக்க வந்திருக்கான்" என்று அறிமுகம் செய்தார். அவன் காது சிவந்தது. அதுவும் சூடாகத்தான் இருந்தது.

வீட்டுக்காரர் மட்டும் அதிகம் பேசமாட்டார். பட்டறை அறையில் சின்ன நெருப்பில் கத்தியைக் காட்டி, மெழுகைத் தடவி, பல்லைப் பதித்துக்கொண்டே இருப்பார். அவன் அவரை 'சார்' என்றே கூப்பிட்டான்.

வியாழக்கிழமைக்குள் அவன் கட்சி மாறிவிட்டான். சனிக்கிழமை இவர்கள் 'இரு' என்று சொல்ல வேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை காலை. கல்லூரிக்கும் வாலுவின் பள்ளிக்கும் விடுமுறை. குளித்துவிட்டு வந்தவனுக்குப் பல் கிட்டித்தது. ஹீட்டரைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். ஐந்தே நிமிஷம், யாருக்குத் தெரியப்போகிறது? திருகை முழுசாகத் திருப்பினான்.

ஆகா! சொர்க்கம் கணுக்காலிலிருந்து மேலே ஏறியது. புத்தகத்தை மடியில் வைத்தவன், அப்படியே கண்ணசந்துவிட்டான்.

டக்.

கண் விழித்தான். தரையில் ஏதோ உருண்டது.

டக். டக்.

பற்கள்.

ஹீட்டருக்கு நேர் மேலே இருந்த பலகையில் அந்த ரோஸ் ஈறு தொளதொளவென்று வழிந்து கிடந்தது. முன்பற்கள் பாதி கீழே விழுந்திருந்தன. மீதி, திசைக்கு ஒன்றாகச் சாய்ந்து நின்றன. முதல் நாள் சிரித்த தாடை இப்போது அவனைப் பார்த்து உறுமியது.

ஈறு மொத்தமும் மெழுகு!

இப்போது புரிந்தது, எல்லாம். பூஜ்யத்தில் நின்ற திருகுகள், ஸ்வெட்டர்கள், வெந்நீர்ப் பை. வீடு பூராவும், அலமாரிக்கு அலமாரி, மெழுகில் பதித்த பற்கள் காத்துக் கிடந்தன. அவற்றுக்காகத்தான் இந்தக் குடும்பம் குளிரில் குடித்தனம் செய்தது.

கதவு திறந்தது. அக்கா.

"என்னடா மெழுகு வாசனை... ஐயையோ! டீச்சரம்மா செட்டு!"

"அக்கா, நான்..."

"ஹீட்டர் போடக் கூடாதுன்னு அவர் உன்கிட்ட சொல்லலையா?"

"இல்லக்கா."

"நான் சொல்லியிருப்பேன்னு அவர் நெனச்சிருப்பார். அவர் சொல்லியிருப்பார்னு நான் இருந்துட்டேன். நல்ல குடும்பம்!" தலையில் அடித்துக்கொண்டார். "இன்னிக்கு மத்தியானம் டாக்டர்கிட்ட அந்தம்மா போட்டுப் பார்க்க வராங்க, சரின்னாத்தான் மெழுகை எடுத்துட்டுக் கெட்டி ஈறு போடுவார். ஏற்கெனவே ரெண்டு வாட்டி 'இது என் வாயே இல்ல'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மூணாவது தடவையும் சரியில்லன்னா வேற ஆளைப் பார்த்துக்குறேன்னு சொல்லியிருக்காங்க. நீ வாயைத் திறக்காத, என்ன?"

சொல்லி முடிப்பதற்குள் வீட்டுக்காரர் வாசலில் நின்றார். பின்னால் வாலு. அவர் பலகையைப் பார்த்தார். குனிந்து ஒரு பல்லை எடுத்தார். குரலே உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஹீட்டரைப் போட்டது யாரு?"

"நான்தாங்க. துணி காயட்டுமேன்னு..." என்றார் அக்கா.

"நான்தான்ப்பா. என் பொம்மைக்குக் குளிருச்சு" என்றாள் வாலு.

"நான்தான்" என்றான் அவன்.

வீட்டுக்காரர் மூவரையும் வரிசையாகப் பார்த்தார். "ஒரு திருகை மூணு பேர் சேர்ந்தா திருப்பினீங்க? என்ன, தேரா இழுத்தீங்க?"

"நான் மட்டும்தான், மாமா" என்றான். சார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அது எப்படி வந்ததோ, வந்துவிட்டது. "திரும்பச் செய்ய முடியாதா?"

"அச்சு அப்படியே இருக்கு. கடைவாய்ப் பல்லு நகரல. முன்பல்லைத் திரும்பப் பதிச்சிடலாம், அது பெரிய வேலையில்ல." அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "ஆனா டீச்சரம்மாவோட சொந்தப் பல்லு ஒண்ணு, ஒரு நூலு கோணலா, பக்கத்துப் பல்லு மேல சாஞ்சிருக்கும். அதேதான் வேணும்னாங்க. பழைய படம் எல்லாத்துலயும் வாயை மூடிட்டு நிக்கிறாங்க. அவங்க சொல்லச் சொல்ல, தடவித் தடவித்தான் அந்தச் சாய்வு கைக்கு வந்துச்சு, நேத்துதான் செட்டையே முடிச்சேன். மறுபடி அதை எங்க போய்ப் பிடிக்க?"

அவனுக்குச் சுரீரென்றது.

போன்! முன்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று... ஆனால் அது முதல் நாள் படம். "நேத்துதான்னா... இது மொத நாளே இங்க இருந்துச்சே?"

"மொத நாளே சாய்வு சரியா இருந்துச்சு, பல்லு நீளம்தான் கூடுதல். நேத்து நீளத்தைக் குறைச்சேன், அவ்வளவுதான். ஏன் கேக்குற?"

படம் இருக்கிறது. ஆனால் படம் இருக்கும் இடம்? போனில் இடம் பத்தவில்லை என்று பழசையெல்லாம் அழித்திருந்தான். தங்கைக்கு அனுப்பியதில் மட்டும்தான் மிச்சம். அதைத் திறந்தால் அடியில் அவன் எழுதியதும் தெரியும். 'எஸ்கேப்' உட்பட.

தங்கையிடம் படத்தை மட்டும் கேட்டு வாங்கலாம். ஊரில் அவள் இந்நேரம் தூங்கிக்கொண்டிருப்பாள். டீச்சரம்மா மத்தியானம் வந்துவிடுவார்.

போனை நீட்டினான்.

வீட்டுக்காரர் பார்த்தார். முன்பக்கப் படம். பக்கவாட்டுப் படம். தாடையோடு தாடையாக அவன் இளிக்கும் படம். அப்புறம் கண் கீழே இறங்கியது. படித்தார். அவன் தரையைப் பார்த்தான். அங்கே இன்னும் ஒரு பல் கிடந்தது.

"என்ன போட்டிருக்கு?" அக்கா போனைப் பிடுங்கி உரக்கப் படித்தார். "'மனுஷனைவிடப் பல்லுக்குத்தான் மரியாதை'..." நிறுத்தினார். "ஏங்க, கல்யாணம் ஆன நாளா நானும் இதைத்தானே சொல்லிட்டிருக்கேன்! வந்த அன்னிக்கே கண்டுபிடிச்சுட்டான் பாருங்க!"

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. எழுந்தார். "கம்பளி, போனை எடுத்துட்டு பட்டறைக்கு வா."

நெருப்பு ஏற்றினார். கத்தி சூடாகி மெழுகில் சீறியது. அவன் போனைக் கண்ணாடி மாதிரி பிடித்துக்கொண்டு நின்றான். கை வலித்தபோது மாற்றிக்கொண்டான், படம் மட்டும் ஆடவில்லை. வாலு ஸ்டூலில் ஏறி மேற்பார்வை பார்த்தாள்.

"இடது பக்கம் இன்னும் கொஞ்சம் சாயணும்ப்பா. கம்பளி மாமா இளிப்பு மாதிரி."

"அவன் இளிப்பு வேண்டாம். டீச்சரம்மா பயந்துடுவாங்க."

அவர் உதட்டோரம் லேசாகத் துடித்ததை அவன் பார்த்தான். போன உயிர் பாதி திரும்பியது.

மத்தியானம், தெரு முனையில் இருக்கும் டாக்டரின் அறை. பெட்டியை அவன்தான் சுமந்து போனான், பச்சைக் குழந்தையைப் போல. ரிட்டயரான டீச்சரம்மா செட்டைப் பொருத்திக்கொண்டு கண்ணாடியை வாங்கினார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம் கணவர் பக்கம் திரும்பிச் சிரித்துக் காட்டினார்.

பெரியவர் நாற்காலியிலிருந்து முன்னால் குனிந்தார். "அட! வந்துட்டாளே!"

அவ்வளவுதான். டீச்சரம்மா கண்ணாடியைத் திருப்பித் தரவே இல்லை.

சனிக்கிழமை காலை அவன் பெட்டியை அடுக்கி வைத்துக் காத்திருந்தான். அவர்கள் 'போ' என்று சொல்லிக் கேட்பதைவிடத் தானே கிளம்புவது மரியாதை. கதவு திறந்தது. வீட்டுக்காரர், பலகையில் நேற்று மாலை புதிதாக வந்து சேர்ந்திருந்த செட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் படுக்கையறைக்குக் கொண்டுபோனார். கடைசியாகப் பலகையையே கழற்றினார். அப்புறம் குனிந்து ஹீட்டரின் திருகை முழுசாகத் திருப்பினார்.

"எஸ்கேப் எத்தனை மணிக்கு?"

"போகல மாமா."

"அப்போ பெட்டி எதுக்கு நடு வழியில? கால்ல இடிக்குது."

அறை சூடானது. வீட்டிலேயே சூடான ஒரே அறை. கொஞ்ச நேரத்தில் வாலு வீட்டுப்பாடத்தோடு வந்து கட்டிலில் ஏறினாள். அக்கா டீ டம்ளரோடு வந்து, "தள்ளு, தள்ளு" என்று நாற்காலியைப் பிடித்தார். வீட்டுக்காரர் பேப்பரை விரித்துக்கொண்டு சுவரோரம் சாய்ந்தார். மூன்று பேரும் ஸ்வெட்டரைக் கழற்றி அவன் புத்தகங்களின் மேல் போட்டார்கள்.

அவன் பெட்டி மேல் உட்கார்ந்து தங்கைக்குத் தட்டினான்: 'எஸ்கேப் கேன்சல். ரூம் நல்ல சூடு. எனக்குத்தான் உட்கார இடம் இல்ல.'