சுக்குவெள்ளம்

கும்பகோணத்திலிருந்து லலிதாம்பாள் திருவனந்தபுரம் வலியசாலை அக்கிரகாரத்துக்கு வாழ வந்து பன்னிரண்டு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் அவள் மடியில் ஒரு குழந்தை பேதியாகிக் கிடந்தது. அதுவும் மூத்தாள் குழந்தை. இரண்டாந்தாரமாக வாழ்க்கைப்பட்ட எவளை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். தன் வயிற்றில் பிறந்ததற்குக் காய்ச்சல் வந்தால் அது காய்ச்சல். மூத்தாள் குழந்தைக்கு வந்தால் அது வழக்கு. சாட்சி சொல்லத் தெருவே தயாராக இருக்கும்.

குழந்தைக்கு நாலு வயது. பெயர் சீதாலக்ஷ்மி. தாயார் போன ஒன்றரை வருஷமாக அடுத்த வீட்டில், தாயாரின் அக்காள் சரஸ்வதியம்மாளிடம் வளர்ந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். சரஸ்வதியம்மாளுக்கு இரண்டும் பிள்ளைகள், பெண் கிடையாது. தங்கை பெண்ணைத் தன் பெண்ணாகவே எண்ணிப் பழகிவிட்டாள். புது மனைவி வந்ததும் குழந்தையைக் கொண்டுவந்து விடவேண்டும் என்று பெரியவர்கள் சொன்னபோது, ஞாயிற்றுக்கிழமை கையைப் பிடித்துக் கூட்டிவந்து கூடத்தில் நிறுத்தினாள். நாலு பேர் கேட்கத்தான் பேசினாள்.

"இது என் தங்கை விட்டுட்டுப் போன ஒண்ணே ஒண்ணாக்கும். கொழந்தே கொஞ்சம் வாடிக் கண்டாலும் நான் திரும்பத் தூக்கிண்டு போயிடுவேன், கேட்டயா."

லலிதாம்பாள் கணவன் ராமசுப்ரமணியன் ஹஜூர் கச்சேரி என்கிற சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. அந்த நேரத்தில் அவன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் விடிந்ததும் மேலதிகாரியோடு பத்மநாபபுரம் கேம்புக்குப் புறப்பட்டுவிட்டான். வர நாலு நாள் ஆகுமாம். ஆண்பிள்ளைகளுக்குக் கேம்ப் எப்போது வரும் என்று பஞ்சாங்கத்தில் பார்த்து வைத்திருப்பார்கள் போலும்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஆரம்பித்தது. ஆடி மாதத்து மழை இரண்டு நாளாக விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. முதல் தடவை போனபோது லலிதாம்பாள் பெரிதாக நினைக்கவில்லை. மூன்றாவது தடவை வெறும் தண்ணீராகப் போனதும் எழுந்து ஓடினாள். எதிர்வீட்டு வாத நோயாளிக்கு எண்ணெய் கொடுக்க வந்த வேலுப்பிள்ளை வைத்தியரை வாசலில் நின்று கூப்பிட்டாள். அவர் குடையை மடக்கிவிட்டு உள்ளே வந்தார், நாடி பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார். மலையாளத்தில் ஏதோ நீளமாகச் சொன்னார். வயிற்றில் குடியிருந்த நல்ல ஜீவன்களெல்லாம் இந்தப் போக்கில் ஓடிப்போயிருக்கும், மோர்தான் அவர்களைத் திரும்பக் குடியேற்றும், மோரில் ஜீவன் உண்டு, அடுப்பில் வைத்து அதைக் கொன்றுவிடாதே என்பது அதன் சாரம். அவளுக்குப் பாதி புரிந்தது. கடைசியில் குடையை எடுத்துக்கொண்டு சுருக்கமாகச் சொன்னார்:

"மலரிட்டு கஞ்ஞி, நேர்த்த மோரு, பின்னெ இடைக்கிடெ சுக்குவெள்ளம். சுக்குவெள்ளம் எத்ர சென்னாலும் நல்லது."

நீர்மோர் என்பது புரிந்தது, மலர் என்றதும் அவள் திடுக்கிட்டாள். பூவைப் போட்டுக் கஞ்சியா? எந்தப் பூ என்று கேட்டாள். வைத்தியர் சிரித்து, இந்த ஊரில் மலர் என்றால் நெல்பொரி என்று கையால் பொரித்துக் காட்டினார். நல்லவேளை கேட்டோம் என்று அவளுக்கு நிம்மதி. சுக்குவெள்ளத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை. எதற்குக் கேட்கவேண்டும்? சுக்கும் வெல்லமும் இடித்து உருண்டை பிடித்து, வயிறு சரியில்லை என்றால் அவள் அம்மா வாயில் போடுவாளே. வைத்தியருக்கு நாக்குத் தடிப்பு, லகரம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

தெரியாத வார்த்தையில் மனிதன் பார்த்துத்தான் கால் வைக்கிறான். தெரிந்த வார்த்தையில்தான் வழுக்கி விழுகிறான். திருவனந்தபுரத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். சுக்கைத் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீர்தான் சுக்குவெள்ளம். வீட்டுக்கு வீடு குடத்தில் இருப்பது, அதை எப்படிப் போடுவது என்று இந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. வைத்தியர் மட்டும் ஏன் சொல்லப்போகிறார்?

லலிதாம்பாள் உரலில் சுக்கும் வெல்லமும் இடித்தாள். எத்தனை உள்ளே போனாலும் நல்லதல்லவா, தாராளமாகவே இடித்தாள். மோருக்குத்தான் வழியில்லை. மழைக்குளிரில் முதல் நாள் பால் உறையவே இல்லை. அடுத்த வீட்டில் ஒரு குரல் கொடுத்தால் ஒரு செம்பு மோர் வந்திருக்கும். எதற்கு என்று கேள்வியும் கூடவே வந்திருக்கும். அவள் குரல் கொடுக்கவில்லை. பொரிக்கஞ்சி வைத்தாள். இனிப்பு தின்ற வாய்க்கு அது பிடிக்கவில்லை, இரண்டு வாய் வாங்கிவிட்டுக் குழந்தை திரும்பிக்கொண்டது.

மத்தியானம் அந்தக் குழந்தை வாயைத் திறந்தது. வந்த நாளாக அவளிடம் ஒரு வார்த்தை பேசாத குழந்தை, அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, "வெள்ளம்" என்றது.

லலிதாம்பாள் துள்ளி எழுந்தாள். என்னிடம் கேட்டுவிட்டதே! ஓடிப்போய் இன்னொரு உருண்டை கொண்டுவந்து வாயில் வைத்தாள். குழந்தை சப்பியது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வெள்ளம் என்றது, மறுபடியும் கொடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் பிறகு குழந்தைக்குப் போயிற்று. போகப் போக இவளுக்குப் பயம் ஏறியது. பயம் ஏற ஏற வைத்தியர் வாக்கை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் மட்டும் ஒரு சொட்டு காட்டவில்லை. பேதிக்குப் பச்சைத் தண்ணீர் எமன் என்பது அவள் பிறந்தகத்துப் பாடம். குடத்தைக் குழந்தை கண்ணில் படாமல் கொல்லைக் கட்டுக்கே நகர்த்தி வைத்துவிட்டாள், பாவி.

சாயங்காலம் உருண்டையைக் குழந்தை துப்பியது. துப்பிவிட்டு அதே வார்த்தையைச் சொல்லி அழுதது. கேட்டுவிட்டுத் துப்புகிறதே, இது என்ன பிடிவாதம் என்று லலிதாம்பாளுக்குப் புரியவில்லை. வெல்லத்தைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சினாள், தட்டிக் கொடுத்தாள், கூட உட்கார்ந்து அழவும் செய்தாள். அழுகை வெளியே கேட்கக்கூடாது என்று தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள்.

புதன்கிழமை காலை குழந்தை அழுதது, கண்ணீர் வரவில்லை. லலிதாம்பாள் குனிந்து முகத்தைப் பார்த்தாள். உதடு வெடித்திருந்தது. கண் இரண்டும் குழியில் போயிருந்தன. கையில் தோலைக் கிள்ளித் தூக்கினால் தூக்கியபடியே நின்றது. வெள்ளம் என்று சொல்லக்கூடக் குரல் இல்லை, உதடு மட்டும் அசைந்தது. வைத்தியர் வீடு எந்தத் தெருவில் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

அடுத்த வீட்டுக்குப் போனால் குழந்தை போய்விடும். போகாவிட்டாலும் போய்விடும். முதல் போக்குக்கும் இரண்டாவது போக்குக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குச் சட்டென்று உறைத்தது. அவமானமாவது, வழக்காவது, நாசமாய்ப் போகட்டும் என்று தலையில் முந்தானையைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் மழையில் இறங்கி அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.

ஒரே தட்டில் கதவு திறந்தது. சரஸ்வதியம்மாள் என்ன, ஏது என்று ஒன்றும் கேட்கவில்லை. இவளைத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடினாள். குழந்தையைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்து மடியில் வாரிப் போட்டுக்கொண்டாள். பெரியம்மா மடி என்று தெரிந்ததோ என்னவோ, குழந்தையின் உதடு மறுபடியும் அசைந்தது.

"கொழந்தே வெள்ளம் கேக்கறாளே. கொடுத்தா என்ன உனக்கு?"

"குடுத்துண்டேதான் அக்கா இருக்கேன். நேத்திலேந்து குடுக்கறேன். வாங்கிக்க மாட்டேங்கறா." லலிதாம்பாள் சமையலறைக்கு ஓடித் தாம்பாளத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். அதில் எட்டுப் பத்து உருண்டைகள் இருந்தன.

சரஸ்வதியம்மாள் தாம்பாளத்தைப் பார்த்தாள். ஒரு உருண்டையை எடுத்து முகர்ந்தாள். பிறகு லலிதாம்பாளின் முகத்தைப் பார்த்தாள். சரஸ்வதியம்மாள் முகத்திலிருந்த கோபம் போய், வேறு என்னவோ வந்தது.

"இது சர்க்கரைடி, உங்க ஊர் வெல்லம்," என்றாள் மெதுவாக. "வெள்ளம்னா ஜலம். கொழந்தே ஜலம் கேட்டுண்டிருக்கா."

லலிதாம்பாள் தாம்பாளத்து உருண்டைகளைப் பார்த்தாள். நேற்று மத்தியானத்திலிருந்து ஒரு நாலு வயதுக் குழந்தை தன் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தாகத்துக்குத் தண்ணீர் கேட்டிருக்கிறது. தான் வெல்லத்தைத் திணித்திருக்கிறோம். கேட்கக் கேட்கத் திணித்திருக்கிறோம். பேதியில் கிடக்கிற வயிற்றுக்கு வெல்லம்! சுவரில் சாய்ந்தாள், அப்படியே சரிந்தாள். அழுகைகூட வரவில்லை.

"அப்பறம் விழலாம். எழுந்திருடி, அடுப்பை மூட்டு," என்று சரஸ்வதியம்மாள் அதட்டினாள்.

அன்று பகல் முழுவதும் அந்த இரண்டு பெண்களும் ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு எமனோடு மல்லுக்கு நின்றார்கள். லலிதாம்பாள் சுக்கைத் தட்டிப்போட்டுத் தண்ணீர் கொதிக்கவைத்து ஆற்றினாள். முதல் கரண்டியை வாயில் விட்டதும் குழந்தை கரண்டியைப் பல்லால் கவ்விக்கொண்டது, விடவில்லை. அதைப் பார்க்க லலிதாம்பாளுக்குத் தாங்கவில்லை. மடமடவென்று கொடுத்துவிடலாம் என்று கை பரபரத்தது. சரஸ்வதியம்மாள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். ஒரேயடியாகக் கொடுத்தால் வாந்தியாக வந்துவிடும், ஒரு கரண்டி, கொஞ்சம் பொறு, இன்னொரு கரண்டி. பத்துக் கரண்டிக்கு ஒரு தடவை பொரிக்கஞ்சியின் தெளிவில் உப்புப் போட்டுக் கொடுத்தார்கள். சரஸ்வதியம்மாள் வீட்டிலிருந்து புளிக்காத மோர் வந்தது. வெண்ணெய் எடுத்து, மூன்று பங்கு தண்ணீர் விட்டு, இஞ்சி தட்டிப்போட்டு, துணியில் வடிகட்டிய மோர். அடுப்புப் பக்கமே அதைக் கொண்டுபோகவில்லை.

ஒரு தடவை குழந்தை எல்லாவற்றையும் கக்கிவிட்டது. லலிதாம்பாள் அறியாத தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டாள். சரஸ்வதியம்மாள் வாயைத் துடைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். பிற்பகலில் ஒரு தடவை போயிற்று. அதற்குப் பிறகு போகவில்லை. இரண்டு பேரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, கண்பட்டுவிடும் என்று பயம்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் குழந்தை மூத்திரம் பெய்தது. சரஸ்வதியம்மாளின் மடி நனைந்தது. கோவில் தீர்த்தம் விழுந்தால்கூட அவள் அப்படிச் சந்தோஷப்பட்டிருக்கமாட்டாள். முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். குழந்தை அவள் மடியிலேயே தூங்கிப்போயிற்று. வயிறு சீராக ஏறி இறங்கியது.

லலிதாம்பாள் விளக்கை ஏற்றிவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். காலையிலிருந்து மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னாள்.

"அக்கா, இவளை நீங்களே கூட்டிண்டு போயிடுங்கோ. அவர் வந்தா நடந்ததை நானே சொல்லிடறேன். எனக்கு என்னைக் கண்டாலே பயமா இருக்கு."

ஒன்றரை வருஷமாக எந்த வார்த்தைக்குச் சரஸ்வதியம்மாள் தவம் கிடந்தாளோ, அந்த வார்த்தை கிடைத்துவிட்டது. அவள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"உனக்கு வார்த்தை தெரியலை," என்றாள் கடைசியில். "எனக்குத் தெரியுமே."

லலிதாம்பாளுக்கு விளங்கவில்லை.

"ஒரே சுவர்தானே லலிதா. நேத்து மத்தியானத்துலேந்து இது வெள்ளம் வெள்ளம்னு கரைஞ்சு அழறதைக் கேட்டுண்டுதான் இருந்தேன். சித்தி கொடுக்க மாட்டேங்கறான்னு நெனைச்சேன். கரையட்டும், தெருவே கேக்கட்டும், அப்பறம் போய்த் தூக்கிண்டு வரலாம்னு கதவுப் பக்கத்துலே உக்காந்திருந்தேன். நீ வந்து தட்டற வரைக்கும் உக்காந்திருந்தேன்."

வெளியே மழை விட்டிருந்தது. லலிதாம்பாள் திட்டியிருக்கலாம், திட்டுவதற்கு அவளிடமும் வார்த்தை இருந்தது. ஆனால் எழுந்து போய், இரண்டு கையையும் குழந்தையின் அடியில் கொடுத்துத் தூக்கினாள். சரஸ்வதியம்மாள் தடுக்கவில்லை. தூக்கத்தில் குழந்தை சிணுங்கியது, கழுத்தைக் கட்டிக்கொண்டது, வெள்ளம் என்றது. லலிதாம்பாள் ஒரு கரண்டி சுக்குவெள்ளம் எடுத்துக் கொடுத்தாள்.

"நாளைக்கும் மோர் வேணும் அக்கா," என்றாள், நிமிர்ந்து பார்க்காமல். "மோர் மட்டும் குடுங்கோ. இவளைக் கேக்காதேங்கோ."

சரஸ்வதியம்மாள் தலையை ஆட்டினாள். பாலுக்கு உறை குத்த நேரமாகிவிட்டது என்று எழுந்து போனாள்.